டெல்சி நிறுத்திய அலை

நீளமாக ஒரு விசில் ஊதிவிட்டு, அந்த விசில் வாயில் இருக்கும்போதே உயரமான நாற்காலியிலிருந்து குதித்த டெல்சி, தண்ணீருக்கு அடியில் தட்டுப்பட்ட மஞ்சள் சுடிதாரைப் பற்றி இழுத்து, அதற்குள் இருந்த சின்னப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே வந்தபோது, இருவர் தலையிலும் விழ வேண்டிய அலை விழாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பெண்ணைக் கரையில் ஒருக்களித்துக் கிடத்தி, குடித்த தண்ணீர் முழுக்க வெளியே வந்து முதல் அழுகை கேட்கிற வரைக்கும் அவள் வேறு எதையும் கவனிக்கிறவள் இல்லை. அழுகை வந்தது. பெண்ணின் தாய் ஓடிவந்து, மகளை விட்டுவிட்டு டெல்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் மோட்டார் அறையிலிருந்து சின்னமாயன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஏம்மா டெல்சி, நீ ஊதுனதுமே மோட்டார நிறுத்திட்டேன். இது மட்டும் ஏன் நிக்கிது?"

"எதுண்ணே?"

"இந்தா, இது."

டெல்சி திரும்பிப் பார்த்தாள். அலைக்குளத்தின் நடுவில், ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும், நெஞ்சளவு உயரத்தில் தொடங்கிய அலை, மேல் விளிம்பு வெள்ளையாக நுரைத்து முன்னால் வளைந்தபடி, கையைத் தூக்கியவன் அப்படியே மறந்து நின்றதுபோல நின்றது. அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அலைகள், முன்னால் நிற்பதைத் தாண்டிப்போக வழியில்லாமல், ஒன்றன் முதுகில் ஒன்றாக ஏறி நின்றுகொண்டன. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உடைமாற்றும் அறைகளின் இரண்டாவது மாடி உயரத்துக்கு வந்து, அதற்கு மேல் ஏற அலை இல்லாததால் அதோடு நின்றது. குளத்தின் தண்ணீர் முழுக்க அதற்குள் போய்விட்டதால் தரையின் நீலக் கற்கள் வெயிலில் காயத் தொடங்கின. உள்ளே மிதந்துகொண்டிருந்தவர்கள் தாங்கள் நடுக்குளத்தில் உலர்ந்த தரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, எழுந்து, துணியைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார்கள். அலைக்குள் மேலே ஒரு மஞ்சள் டியூபும், அதற்குச் சற்றுக் கீழே ஒற்றைச் செருப்பும், ஒரு பெண்ணின் ஊதா நிறக் கொண்டை ஊசியும், கண்ணாடி அலமாரியில் வைத்ததுபோல அசையாமல் இருந்தன.

ஆனந்தலோகம் என்ற அந்தத் தீம் பார்க், திண்டுக்கல்லைத் தாண்டி, நூல் மில்களுக்கும் முருங்கைத் தோட்டங்களுக்கும் நடுவில், நாற்கரச் சாலையை ஒட்டி இருந்தது. எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு அரை நாள் ஆகும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு பழக்கம் உண்டு. ராட்டினக்காரர்கள் வண்டியை இறக்கும்போது தங்கள் வயிற்றையும் எக்கிக்கொள்வார்கள், குழந்தைகளை உயரம் அளக்கிற கம்பருகே நிறுத்திப் பார்ப்பவர்கள் கோயில் திருவிழாவிலும் எதிரே வருகிற குழந்தையின் உயரத்தை மனசுக்குள் அளப்பார்கள். அலைக்குளத்தின் லைஃப்கார்டுகளுடைய பழக்கம், தண்ணீருக்கு முதுகு காட்டாதது. மேனேஜர் வந்து பேசினாலும், சாப்பாடு வந்தாலும், முகம் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போன டெல்சி, தன்னைப் பெண் பார்க்க வந்தவனை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளின் தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தாள் என்று அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. குளோரினில் செம்பட்டை ஆன தலைமுடியும், வெயிலில் தோலுரிந்த மூக்கும், சாயங்காலம் சிவந்துபோகிற கண்ணும் அவளுக்குப் பெருமைதான், ஏனென்றால் அவள் அந்த நாற்காலியில் ஏறிய நாளிலிருந்து, அவளுடைய தண்ணீருக்குள் நடந்துபோன ஒவ்வொருவரும் நடந்தே திரும்பிப் போயிருந்தார்கள்.

விசிலுக்கும் அங்கே ஒரு முறை இருந்தது. நீளமாக ஒன்று என்றால் அலையை நிறுத்து. குட்டையாக இரண்டு என்றால் விடு. நிறுத்தியவர்தான் விட வேண்டும். தண்ணீருக்குள் என்ன கண்டு நிறுத்தினார் என்பது அவருக்கு மட்டும்தானே தெரியும். மோட்டார் அறையில் உட்கார்ந்திருக்கும் சின்னமாயன், மேனேஜரே வந்து சொன்னாலும், நிறுத்தியவரின் இரண்டு குட்டை விசில் கேட்காமல் பொத்தானில் கை வைக்க மாட்டார். அன்றைக்கு டெல்சியின் விசிலுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அதற்குள் கூட்டம் கூடி, ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு, அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு குட்டை விசில் ஊதப்படவே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் கம்பெனிக்காரர்கள் வந்து அலையை விரலால் சுண்டிப் பார்த்தார்கள். மோட்டாரைக் கழற்றி மாட்டி, தங்கள் மோட்டாரில் குறையில்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நின்ற தண்ணீரில் கொசு வருமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏணி கொண்டுவரவில்லை என்று போனவர் திரும்பி வரவில்லை. அதோடு ஏன் எப்படி என்ற கேள்விகள் தீர்ந்துபோய், ஜனங்கள் அலையோடு பழகத் தொடங்கினார்கள்.

முதலில் நிழல். அந்தப் பக்கத்தில் நிழல் என்பது வேப்பமரத்துக்குக் கீழே தட்டுத் தட்டாகக் கிடைக்கிற ஒன்று. இதுவோ, ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு, பச்சைப் பாட்டிலுக்குள் உட்கார்ந்ததுபோல வெளிச்சமும் குளிர்ச்சியும் கலந்த நிழல். மதிய வெயிலில் சாப்பாட்டுக் கூடையோடு வந்தவர்கள் நீலக் கற்களில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தார்கள். அழுகிற கைக்குழந்தை அலைக்கு அடியில் அழுகையை நிறுத்துகிறது என்று யாரோ சொல்ல, சுற்றியிருந்த ஊர்களிலிருந்து குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள். கல்யாணம் ஆனவர்கள் மாலையோடு வந்தார்கள். மில்லில் இரவு ஷிப்ட் பார்த்த பெண்கள் விடிந்ததும் நேராக வந்து, அலையைப் பார்த்தபடி ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்துத் தூங்கினார்கள். பஸ் கண்டக்டர்கள், பார்க்கின் பெயரை விட்டுவிட்டு, "அலை இறங்கு, அலை இறங்கு" என்று கத்தினார்கள். பக்கத்து இரண்டு ஊராட்சிகளும் அலைத் தண்ணீரைப் பாதிப் பாதியாகத் தங்கள் கண்மாய்க்கு விட வேண்டும் என்று கேட்டு வந்தன. எங்கே குழாய் செருகுவது என்று பேசிப் பேசி, கடைசியில் இரண்டு தலைவர்களும் அலைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு சமாதானமாகப் போனார்கள். ஒற்றைச் செருப்புக்குச் சொந்தக்காரர், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தவர், வாராவாரம் புதிய உறவினர்களைக் கூட்டிவந்து, "மேல பாருங்க, டியூபுக்குக் கீழ. நம்ம செருப்புதான்" என்று காட்டினார். இன்னொரு கால் செருப்பை அவர் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னார்.

நீச்சல் உடை வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் இருந்த பவுன்தாய்க்கு வேலை குறைந்து வாய் கூடியது. தண்ணீரே இல்லாத இடத்தில் நீச்சல் உடை யார் கேட்கிறார்கள்.

"ஏ டெல்சி, இத்தன வருசமா ஒன்னோட உக்காந்து பழைய சோறு தின்னுருக்கேன், ஒரு வார்த்த சொன்னியா? அலைய நிறுத்துற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா எம் புருசன் வாயையும் ஒரு ஊது ஊதச் சொல்லியிருப்பேன்."

"அவருக்கு ரெண்டு குட்டை விசில் யாரு ஊதுறதுக்கா?"

"எதுக்கு ஊதணும்? அப்படியே கெடக்கட்டும்."

சிரித்தாலும் டெல்சிக்கு அந்த இரண்டு குட்டை விசில் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அதை ஊத மறந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது அலை நின்றதற்கு மறுநாள் காலையிலேயே, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. நேராக மேனேஜர் கிருபாகரனிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வெறிச்சோடிக் கிடந்த பார்க்கை, ஆட்களை நிறுத்தாமல் எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தவர். அப்போதே அவருடைய ஜன்னலுக்கு வெளியே டிக்கெட் வரிசை சாலை வரைக்கும் போயிருந்தது.

"அப்ப நீ ஊதினா அது விழுந்துடும்ங்கற?"

"விழுந்துரும் சார். முறை அதுதான். நிறுத்துனது நான்."

கிருபாகரன் வரிசையைப் பார்த்தார். பிறகு, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, அவள் கழுத்திலிருந்த விசிலைக் கயிற்றோடு மெதுவாகக் கழற்றிக்கொண்டார்.

"கொஞ்ச நாள் போகட்டும்மா. இத்தன பேர் வேலையும் அந்த அலையிலதான் நிக்கிது."

ஒரு வாரத்துக்குள் விசில் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணிமேல் ஏறியது. அடியில் 'அலையை நிறுத்திய விசில்' என்று எழுதி, ராத்திரியும் எரிகிற விளக்கு போட்டார்கள். பவுன்தாய் வெள்ளிக்கிழமை தவறாமல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். டெல்சிக்குக் கருநீலப் பட்டுச் சேலை கட்டி, அலைக்கு முன்னால் ஒரு மேடையில் கல்யாண நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வருகிறவர்கள் அவளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படத்தில் அலை தெரிய வேண்டும் என்பதால் நாற்காலி கூட்டத்தைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக டெல்சி தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முதல் நாள் கழுத்து வலித்தது. இரண்டாவது நாள், யாரும் பார்க்காதபோது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது நாள் போட்டோ எடுப்பவன், "அக்கா, ஆடாம இருங்கக்கா" என்று சொல்லிவிட்டான்.

அவள் எழுந்து போயிருப்பாள். போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். போகாததற்குக் காரணம் ஒரு போன்.

டெல்சியின் அம்மா ரொசாரியம்மாள் தெற்கே சிலுவைத்துறையில் மீன் விற்கிறவள். இரண்டு மகன்களும் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு படி உயரும். மகளைப் பற்றி யாராவது கேட்டால், "அவளா, அங்கன ஒரு தொட்டிக்குக் காவல் இருக்கா" என்று சொல்லி முடித்துவிடுவாள். மகள் வேலை பார்க்கிற இடத்தை வந்து பார் என்று டெல்சி கூப்பிடாத வருஷமில்லை. "இடுப்பளவு தண்ணியப் பாக்க நான் பஸ் ஏறி வரணுமாட்டி?" என்பாள். இப்போது அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீ கடல நிறுத்திட்டியாமே?"

"கடல் இல்லம்மா. வேவ் பூலு."

"எதா இருந்தா என்ன, உப்பில்லாத கடலு. ஏலக்கடையில எல்லாவனும் போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதான். அதுல நீ நீலச் சேல கட்டி மாதா கணக்கா உக்காந்திருக்க. உங்க அண்ணனுவ ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. நான் சொன்னேன், கடலுக்குப் போறவன் ஆயிரம் பேரு இருக்கான், கடல நில்லுன்னு சொன்னவ எம் மவ ஒருத்திதான்னு."

டெல்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் குரல், அந்த ஒரு படி உயர்ந்த குரல், முதல் தடவையாகத் தன் பெயருக்காக உயர்ந்ததைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளால் மேனேஜரிடம் போய் விசிலைக் கேட்க முடியவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தாள், அம்மா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் கேட்கலாம் என்று இருந்தாள்.

ரொசாரியம்மாள் மே மாத விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேன் பிடித்து ஊரில் பாதியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலிலேயே டிக்கெட் கொடுப்பவனிடம், "நான் யாரு தெரியுமா?" என்று தொடங்கி, கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று சிலுவை போட்டு, வழியெல்லாம் தெரியாதவர்களிடமும் மகள் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அலைக்கு முன்னால் வந்ததும் கதையைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம், ஓர் அலையை அவள் பார்த்ததில்லை. பிறகு அதற்கு நேர் அடியில், நல்ல நடுவில், ஊர்க்காரர்களை உட்காரவைத்து, சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்தாள். மீன் வறுவல் வாசனை அலைக்கு அடியில் சுற்றியது. அவர்களைச் சுற்றி, அன்றைக்கு வந்த கூட்டம் முழுக்க, தலைக்குத் தலை இடிக்க உட்கார்ந்திருந்தது.

மேடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த டெல்சிக்குப் பிடரியில் ஏதோ தோன்றியது. சத்தம் இல்லை. தலைச்சுமைக்காரி பாரத்தோடு நெடுநேரம் நின்றுவிட்டால் கழுத்து நரம்பில் ஓடுமே, அப்படி ஒரு நடுக்கம், காற்று வழியாக வந்தது. போட்டோக்காரன் "ஆடாதீங்கக்கா" என்றான். டெல்சி திரும்பிவிட்டாள். அலையின் வெள்ளை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு கிளம்பி, நிதானமாக இறங்கி, யாரோ ஒருவருடைய எலுமிச்சை சாதத்தில் விழுந்தது. அந்த ஆள் மேலே பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது சொட்டு விழுந்தது. மஞ்சள் டியூப், அத்தனை நாள் அசையாத டியூப், ஒரு முறை இப்படியும் அப்படியும் ஆடியது.

டெல்சி மேடையிலிருந்து இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூரத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மற்ற லைஃப்கார்டுகளைப் பார்த்துக் கையை உயர்த்தி விரித்துக் காட்டினாள். குளத்தைக் காலி பண்ணு என்பதற்கு அது அடையாளம். அலை நின்ற நாளிலிருந்து கயிறு பிடித்தும் டிக்கெட் கிழித்தும் சலித்துப்போயிருந்த அவர்கள், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு நான்கு பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். "எந்திரிங்க, எந்திரிங்க, சாமான விட்டுட்டுக் கரைக்கு வாங்க" என்று கத்தினார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டம் ரொசாரியம்மாளைப் பார்த்தது. அவள் மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போவச் சொல்லுதாவ? எம் மவ நிறுத்துன அலை. எந் தலையிலயா விழும்?"

அது சரிதானே என்று ஜனங்கள் மறுபடி கால் நீட்டினார்கள். கிருபாகரன் ஓடிவந்தார். "டெல்சி, என்னம்மா பண்ற, ஜனம் மிரளுது பாரு" என்றார். டெல்சி அவரைப் பார்க்கவில்லை. அவள் முகம் அலையைப் பார்த்து இருந்தது. அப்படியே நடந்துபோய் அம்மாவுக்கு முன்னால் குந்தினாள்.

"எம்மா, எந்திரி."

"ஏன்?"

"அது விழப்போவுது. நான்தான் விடப்போறேன்."

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" ரொசாரியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். ஊர்க்காரர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் அலைக்கு அடியில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். "எத்தன வருசம் கழிச்சி ஊர்ல தல நிமுந்து நடக்கேன். கடல நிறுத்துனவ அம்மைன்னு ஏலக்காரனே வழி விடுதான். அத நீயே ஒடச்சிப்போட்டா, நாளைக்கு நான் என்னன்னு சொல்ல?"

"தொட்டிக்குக் காவல் இருக்கான்னு சொல்லு."

ரொசாரியம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் அலைய நிறுத்தலம்மா. உள்ள ஒரு பிள்ள கெடந்துச்சு. அத எடுத்தேன். அதுக்காவ ஊதுனேன். அது நின்னது அதோட குணம். பிள்ளைய எடுத்தது என் வேல. இப்ப இங்கன எத்தன பிள்ள கெடக்குன்னு பாத்தியா?"

மூன்றாவது சொட்டு ரொசாரியம்மாளின் புறங்கையில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அதைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியை மூடினாள், முள்ளையெல்லாம் இலையில் சுருட்டினாள், முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"எந்திரிங்கட்டி எல்லாரும்" என்றாள், மீன் கூவி விற்கிற அதே தொண்டையில். "பிள்ளையளத் தூக்குங்க. எம் மவ சொல்லுதாள்லா."

சிலுவைத்துறை எழுந்தது. சிலுவைத்துறை எழுந்ததைப் பார்த்து மில் பெண்கள் எழுந்தார்கள், மாலை போட்ட மாப்பிள்ளை எழுந்தார், செருப்புக்காரர் தன் உறவினர்களோடு எழுந்தார், தூங்கினவர்களை எழுப்பி, குழந்தைகளை இடுப்பில் ஏற்றி, ஜமுக்காளங்களை அப்படியே போட்டுவிட்டு, கூட்டம் முழுக்கச் சரிவில் ஏறிக் கரைக்கு வந்தது. லைஃப்கார்டுகள் பின்னோக்கி நடந்தபடி, முகம் அலையைப் பார்த்தபடி, கடைசி ஆட்களாக வெளியே வந்தார்கள்.

"விசில் சார்" என்றாள் டெல்சி.

கிருபாகரனின் நெற்றியில் வேர்த்திருந்தது. அவரும் அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டிச் சாவி மெட்ராஸ்ல, முதலாளிகிட்ட இருக்கு" என்றார்.

கவுண்டருக்குப் பின்னாலிருந்து பவுன்தாய் வெளியே வந்து வாசலுக்குப் போனாள். யாரோ கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்த தேங்காயைக் குடுமியோடு பிடித்து எடுத்தாள். "ஆத்தா, கோவிச்சுக்காத" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு ஒரு போடு போட்டாள். கண்ணாடியும் தேங்காயும் ஒன்றாக உடைந்தன. சந்தனம் அப்பிய விசில், கைமாற்றிக் கைமாற்றிக் கூட்டத்தின் மேலாக வந்து டெல்சியின் கைக்குச் சேர்ந்தது.

அவள் தன் பழைய நாற்காலியில் ஏறினாள். பட்டுச் சேலையோடு ஏணியில் ஏறுவது சிரமமாக இருந்தது. மேலே உட்கார்ந்து, குளத்தின் தரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தாள், யாரும் இல்லை என்பதைக் கண்டாள், கரையைப் பார்த்தாள், எல்லோரும் இருந்தார்கள். விசிலை உதட்டில் வைத்து, குட்டையாக இரண்டு ஊதினாள்.

கடைசியாக ஏறிய அலை முதலில் இறங்கியது. கூட்டமான பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்குவதுபோல, அவசரமில்லாமல், ஒன்று இறங்கி வழிவிட்ட பிறகு இன்னொன்று என்று, ஏறிய வரிசைக்கு நேர்மாறாக அலைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஒவ்வொன்றும் நீலத் தரையில் நடந்து கரை வரைக்கும் வந்து, அங்கே போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஒரு சொட்டுக்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. கடைசியில் முதல் அலை தனியாக நின்றது, நெஞ்சளவு உயரத்தில், அன்றைக்கு நின்றதுபோலவே. பிறகு அதுவும், தூக்கிய கையைத் தாழ்த்தியதுபோல, விழுந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரரின் செருப்பு அவர் காலடியில் வந்து ஒதுங்கியது. அவர் குனிந்து அதை எடுத்து, உதறி, வெயிலில் காயவைத்தார்.

கரையில் யாரும் கை தட்டவில்லை. மழை விட்ட பிறகு ஊர் இருக்குமே, அப்படி இருந்தது. கிருபாகரன் மஞ்சள் கோட்டில் போய் உட்கார்ந்தார்.

"போச்சு" என்றார். "இனிமே யாரு வருவா?"

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு மில் பெண் கேட்டாள், "சார், டிக்கெட் எடுத்துருக்கோம். அலை எப்ப விடுவீக?"

கிருபாகரன் திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பவுன்தாயின் கவுண்டரில் வரிசை நின்றிருந்தது. பவுன்தாய், "தள்ளாதீக, எல்லா அளவும் இருக்கு. ஏத்தா, ஒனக்கு இது பத்தாது, அடுத்த அளவு எடு. வெக்கப்பட்டுச் சின்னதா வாங்கி உள்ள போயிக் கிழிச்சிட்டு வராத" என்று கத்திக்கொண்டிருந்தாள். கிருபாகரன் எழுந்து, நனைந்த பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, மோட்டார் அறையைப் பார்த்தார். சின்னமாயன் அவரைப் பார்க்கவில்லை. டெல்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்சி தலையசைத்தாள்.

அலை விடப்போவதைச் சொல்கிற சங்கு ஊதியது. பழைய, முழங்காலைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, குழந்தைகளைச் சிரிக்கவைக்கிற சாதாரண அலை, ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியது. ஜனங்கள் கை கோத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். டெல்சியின் வாயில் விசிலோடு சந்தனக் கசப்பும் இருந்தது. அவள் தலைகளை எண்ணத் தொடங்கினாள். இந்த மூலையில் ஒரு கூட்டம், நடுவில் கொண்டை போட்ட மூவர், ஆழமான பக்கத்தில் தண்ணீருக்குள் மூழ்கி எழுந்து விளையாடுகிற இரண்டு பேர். அவர்கள்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். அவள் கண் அங்கே போயிருந்தது.

நாற்காலிக்குக் கீழே, சரிவில், ரொசாரியம்மாள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். மஞ்சள் கோட்டில் செருப்பைக் கழற்றி வைத்தாள். குனிந்து, வந்த அலையை விரல் நுனியால் தொட்டு, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, தண்ணீருக்குள் கால் வைத்தாள்.